சீனாவில் வேலைக்குக் குடிபெயர்தல்: சான்றிதழ் முதல் சரக்கு வரை முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்து வேலை நிமித்தம் சீனாவுக்குத் தனியாகவோ குடும்பத்தோடோ குடிபெயர்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாகக் கிளம்புபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பெட்டி கட்டுவதையும் விமானச் சீட்டு எடுப்பதையும் முதலில் தொடங்கிவிட்டு, சான்றிதழ்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். சீன நடைமுறை இதற்கு நேர்மாறானது. அங்கே காகிதம் முதலில் போக வேண்டும், ஆள் அடுத்து, சாமான் கடைசியில்.

1. வரிசையை முதலில் மனத்தில் நிறுத்துங்கள்

உங்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் அங்குள்ள அரசு அலுவலகத்தில் விண்ணப்பித்து, வேலை அனுமதி அறிவிப்புக் கடிதத்தைப் பெறும். அந்தக் கடிதம் இருந்தால்தான் வேலைக்கு வருபவர்களுக்கான இசட் (Z) விசா கிடைக்கும். இசட் விசாவில் நுழைந்த பிறகு 30 நாள்களுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஓராண்டுக்குக் குறையாத குடியிருப்பு அனுமதி கையில் இருந்தால்தான் கப்பலில் வரும் வீட்டுச் சாமானைச் சுங்கத்துறை விடுவிக்கும்.

ஆகவே வேலையில் சேரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிடுங்கள். சான்றிதழ் வேலைகளுக்கு மட்டும் இரண்டு மூன்று மாதங்களை ஒதுக்குவது நல்லது. அந்தக் காலத்தைக் குறைப்பது உங்கள் கையில் இல்லை.

சுற்றுலா விசாவிலோ வணிக விசாவிலோ வந்துவிடுங்கள், இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று நிறுவனமோ முகவரோ சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த விசாக்களில் வேலை செய்வது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் அபராதமும் வெளியேற்றமும் உங்களுக்குத்தான்.

2. பெயரைச் சரிசெய்யுங்கள்

இது நம்மவர்களுக்கே உரிய சிக்கல் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பட்டச் சான்றிதழில் ‘கே. செந்தில்’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து தந்தை பெயர் குடும்பப் பெயராக நிற்கும். அனுபவச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். இங்கே இவை மூன்றும் ஒரே ஆள் என்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. தமிழ்ப் பெயர்முறை அறியாத சீன அலுவலருக்கோ அவை மூன்று வெவ்வேறு பெயர்கள்.

பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே மூலப் பெயர். விமானச் சீட்டு, வேலை அனுமதி, வங்கிக் கணக்கு, சிம் கார்டு, கைபேசிப் பணச்செயலி ஆகிய அனைத்திலும் அதே எழுத்துகள், அதே வரிசை, அதே இடைவெளியோடு இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக அச்சிட்டிருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். குடும்பப் பெயர் முதலிலும் இட்ட பெயர் அடுத்தும் இருக்கும். எந்தப் படிவத்தையும் அதைப் பார்த்தே நிரப்புங்கள்.

குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால், வேறெதையும் தொடங்கும் முன் அதைத் திருத்தி வாங்கிவிடுவது உத்தமம். பாஸ்போர்ட் காலாவதியாக இரண்டாண்டுக்குள்தான் இருக்கிறது என்றாலும் இப்போதே புதுப்பியுங்கள். விசாவும் அனுமதிகளும் பாஸ்போர்ட் எண்ணோடு பிணைக்கப்படுவதால், இடையில் எண் மாறினால் வங்கி முதல் கைபேசி வரை எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு அலைய நேரும்.

சான்றிதழ்களில் பெயர் வேறுபட்டால், எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் தயாரித்து, அதையும் மற்ற ஆவணங்களோடு சேர்த்தே அட்டெஸ்டேஷனுக்கு, அதாவது ஆவணம் உண்மையானது என்று அரசு அலுவலகங்கள் முத்திரையிடும் நடைமுறைக்கு, அனுப்புங்கள். பிறகு தனியாக அனுப்பினால் முழுச் சுற்றையும் மறுபடி சுற்ற வேண்டும்.

3. சான்றிதழ்களைத் திரட்டி உறுதிப்படுத்துங்கள்

வேலை அனுமதிக்கு வழக்கமாகத் தேவைப்படுபவை பட்டச் சான்றிதழ், அனுபவச் சான்றிதழ், காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ். சீனா வெளிநாட்டுப் பணியாளர்களை மூன்று பிரிவுகளாகப் பிரிக்கிறது. பெரும்பாலோர் விழும் நடுப்பிரிவுக்கு இளநிலைப் பட்டமும் இரண்டாண்டு அனுபவமும் பொது விதி. எனவே அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, கையொப்பமிட்டவரின் தொடர்பு விவரம் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். பழைய நிறுவனத்திடம் இதைக் கேட்டு வாங்குவதே பலருக்கு நெடுநாள் இழுக்கும் வேலை.

நன்னடத்தைச் சான்றிதழை பாஸ்போர்ட் சேவா வழியாக விண்ணப்பிக்கலாம். அது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் வாங்கியதாகக் கேட்கப்படுவதால், முந்திக்கொண்டு வாங்கிவைப்பதில் பயனில்லை. அண்மையில் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தவரிடம் அந்த நாட்டுச் சான்றிதழையும் கேட்கக்கூடும். அதை இங்கிருந்து வாங்கக் கூடுதல் காலம் பிடிக்கும்.

அட்டெஸ்டேஷனுக்குப் பணம் கட்டும் முன், எந்த வகை உறுதிப்பாடு வேண்டும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஒரு நாடு இடும் ஒரே முத்திரையை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்கும் அப்போஸ்டில் ஒப்பந்தம் சீனாவில் 2023 நவம்பர் 7 முதல் நடைமுறையில் உள்ளது என்பதைப் படித்துவிட்டு, அப்போஸ்டில் முத்திரை மட்டும் போதும் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். அந்த ஒப்பந்தத்தில் இரு நாடுகள் இருந்தாலும் அவற்றுக்கிடையே அது செல்லாமல் போக இடமுண்டு. மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், சீனத் தூதரகம் என்று படிப்படியாக ஏறும் பழைய வழியைக் கேட்டால் அதன்படியே செய்யுங்கள்.

குடும்பம் உடன் வருகிறது என்றால் திருமணச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் இதே பாதையில் போக வேண்டும்; அவர்களுக்கு உரியது எஸ்1 விசா. கோயிலிலோ மண்டபத்திலோ திருமணம் முடித்து இதுவரை பதிவு செய்யாதவர்கள் முதலில் சார்பதிவாளர் அலுவலகம் போய்ப் பதிவு செய்ய வேண்டும். குழந்தையின் பெயர் சேர்க்கப்படாத பிறப்புச் சான்றிதழ் நம் வீடுகளில் சாதாரணம். அதில் பெயரைச் சேர்த்து, ஆங்கிலமும் உள்ள புதிய பிரதியை வாங்கிய பின்பே அட்டெஸ்டேஷனுக்குக் கொடுங்கள்.

4. விசாவை வாங்கியவுடன் படித்துப் பாருங்கள்

சென்னையில் சீனத் துணைத் தூதரகம் இல்லை. தில்லியில் தூதரகமும் மும்பை, கொல்கத்தாவில் துணைத் தூதரகங்களும் உள்ளன. உங்கள் மாநிலம் எந்த அலுவலகத்தின் வரம்பில் வருகிறது என்று பார்த்து அங்கேயே விண்ணப்பியுங்கள். வேறிடத்தில் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இசட் விசாவில் தங்கும் நாள்களுக்கான இடத்தில் ‘000’ என்று அச்சிட்டிருக்கும். இதைப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. தங்கும் காலத்தைக் குடியிருப்பு அனுமதியே தீர்மானிக்கும் என்பதுதான் அதன் பொருள். கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு: எந்தத் தேதிக்குள் நுழைய வேண்டும், எத்தனை முறை நுழையலாம். பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான். ஷென்செனில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர், குடியிருப்பு அனுமதி வருவதற்குள் வார இறுதிக்கு ஹாங்காங் போனால், குடிநுழைவுக் கணக்கில் அது சீனாவைவிட்டு வெளியேறியதாகும்; அந்த ஒரு நுழைவோ ஏற்கெனவே தீர்ந்திருக்கும். திரும்பி வருவதற்குப் புது விசா வேண்டும்.

5. விமானச் சீட்டு: விசாவுக்குப் பிறகே

2020 தொடக்கத்தில் நின்றுபோன இந்திய–சீன நேரடி விமானங்கள் 2025 அக்டோபர் இறுதியில் மீண்டும் தொடங்கின. முதலில் கொல்கத்தா–குவாங்சோ, பிறகு தில்லியிலிருந்து குவாங்சோவும் ஷாங்காயும். சென்னையிலிருந்து கிளம்புபவருக்கு தில்லி போய் ஏறுவதைவிட சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், ஹாங்காங், கொழும்பு வழிகளே பெரும்பாலும் வசதி.

விலையைப் பார்த்து இரண்டு தனித்தனிச் சீட்டுகளை வாங்கி நடுவில் மாறலாம் என்று நினைக்காதீர்கள். தனிச் சீட்டுகள் என்றால் பெட்டிகள் நேராகப் போகாது. நடுநாட்டில் குடிநுழைவைத் தாண்டி வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கு அந்நாட்டின் விசாவோ முன்பதிவோ இல்லாவிட்டால் சென்னையிலேயே ஏற்ற மாட்டார்கள். குடிபெயரும் பயணத்துக்கு ஒரே சீட்டாக எடுப்பதே சரி.

சீனாவுக்குள் இன்னொரு விமானம் மாற வேண்டும் என்றால், நீங்கள் முதலில் இறங்கும் நகரத்திலேயே குடிநுழைவும் சுங்கமும் முடியும். பெட்டிகளையும் அங்கே எடுத்து மறுபடி போட வேண்டும். குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி வையுங்கள். இங்கே இன்னொரு பொறியும் உண்டு. 2025 ஜூன் 28 முதல், சீனாவின் 3சி தர முத்திரை இல்லாத பவர் பேங்கை உள்நாட்டு விமானங்களில் கொண்டுசெல்லத் தடை. இந்தியாவில் வாங்கிய பவர் பேங்கில் அந்த முத்திரை அநேகமாக இருக்காது. சென்னையில் ஏற்றுக்கொண்டதை குவாங்சோ சோதனையில் பறிகொடுப்பீர்கள்.

தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது சீன விடுமுறைகளைப் பாருங்கள். அக்டோபர் முதல் வாரமும் வசந்த விழா எனப்படும் சீனப் புத்தாண்டும் அலுவலகங்கள் மூடியிருக்கும் காலம். 2027-இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6 அன்று வருகிறது. அதற்குச் சற்று முன் போய் இறங்கினால் 30 நாள் கெடுவில் பெரும்பகுதி பூட்டிய கதவுகளின் முன்னால் கழியும். வருகை அட்டையை 2025 நவம்பர் 20 முதல் இணையத்திலேயே முன்கூட்டி நிரப்பலாம். தங்குமிட முகவரியைச் சீன எழுத்தில் கையில் வைத்துக்கொள்ளுங்கள், டாக்சிக்கும் அது உதவும்.

6. கைபேசியும் பணமும்

சீனாவில் கைபேசி இல்லாமல் காய்கறிகூட வாங்குவது கடினம். செய்தி அனுப்பவும் பணம் செலுத்தவும் பயன்படும் வீசாட், பணச்செயலியான அலிபே இரண்டும் அங்கே அன்றாடத் தேவை. இரண்டையும் இந்திய அரசு 2020-இல் தடைப்பட்டியலில் சேர்த்தது. எனவே இங்கிருந்தே நிறுவிப் பதிவுசெய்துவிடலாம் என்று அவற்றை நம்பித் திட்டமிடாதீர்கள். வீசாட்டில் புதிதாகச் சேர்பவரை ஏற்கெனவே உள்ள பயனர் ஒருவர் உறுதிசெய்யும்படி அது கேட்கக்கூடும். அலுவலகத்தில் யாராவது ஒருவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

கூகுள், ஜிமெயில், வாட்ஸ்அப், யூடியூப் ஆகியவை அங்குள்ள இணையத்தில் திறக்காது. வங்கி, பள்ளி, சரக்கு முகவர் எல்லாரிடமும் அங்கே திறக்கக்கூடிய வேறொரு மின்னஞ்சலைக் கொடுத்துவிடுங்கள். இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங்கை இங்கேயே இயக்கிக்கொண்டு போவது மிக முக்கியம். வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். ரோமிங் தரவு உங்கள் சொந்த நிறுவனத்தின் வழியாகப் போவதால், முதல் சில நாள் வீட்டோடு வாட்ஸ்அப்பில் பேசவும் அதுவே கைகொடுக்கும்.

யுபிஐயை நம்பிப் போகாதீர்கள். சர்வதேசப் பயன்பாடு திறந்துவிடப்பட்ட வங்கி அட்டைகள் (விசா அல்லது மாஸ்டர்கார்டு) இரண்டை, வெவ்வேறு வங்கிகளுடையதாக, எடுத்துச்செல்லுங்கள். கொஞ்சம் யுவான் ரொக்கமும் வேண்டும். 5,000 டாலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு ரொக்கத்தை சீனச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். இந்திய விதியோ பொதுவாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் நோட்டாகக் கொண்டுசெல்ல விடுகிறது.

பெரிய செலவு வீட்டு வாடகையில் வரும். ஒரு மாத முன்பணமும் மூன்று மாத வாடகையும் சேர்த்து முதல் நாளே கொடுப்பது அங்கே பரவலான வழக்கம். தரகுக் கூலி தனி. சம்பளம் வருவதற்கு முன்பே இந்தத் தொகை தேவைப்படும் என்பதால், நிறுவனம் முன்தொகை தருமா என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.

7. எதை எடுத்துச்செல்வது, எதை விட்டுவிடுவது

வாடகை வீடுகள் பெரும்பாலும் கட்டில், சோபா, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசியோடுதான் வருகின்றன. மேலும் தொலைக்காட்சி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கணினி, கேமரா, மரச்சாமான் போன்றவை பழையவையாக இருந்தாலும் சுங்க வரி விதிக்கப்படக்கூடிய பட்டியலில் உள்ளன. தேக்குக் கட்டிலைப் பிரிய மனமில்லை என்பதைத் தவிர அதை அனுப்ப வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அனுப்பத் தகுந்தவை அங்கே கிடைக்காதவைதான்: மிக்ஸி, சிறிய டேபிள்டாப் கிரைண்டர், இட்லிப் பாத்திரம், குக்கர். சீனாவில் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் நம் மிக்ஸி அப்படியே ஓடும். பிளக் மட்டும் பொருந்தாது. பயணத்துக்கான சிறிய அடாப்டரில் 750 வாட் மிக்ஸியைச் செருகினால் அது சூடேறி உருகும். அங்கே போய், சாய்ந்த தட்டைப் பின்கள் கொண்ட மூன்று பின் பிளக்கை வாங்கி வயரில் மாற்றிக்கொள்வதே பாதுகாப்பு. அலுமினியக் குக்கர் இன்டக்ஷன் அடுப்பில் சூடாகாது; அடியில் காந்தம் ஒட்டும் ஸ்டீல் குக்கரை எடுத்துச்செல்லுங்கள்.

உணவுப் பொருளில் எச்சரிக்கை வேண்டும். புதிய பழம், காய்கறி, இறைச்சி, முட்டை, பால் பொருள்கள், செடி, விதை ஆகியவற்றைப் பயணிகள் கொண்டுவருவது தடை. கறிவேப்பிலைக் கொத்தும் வெண்ணெயும் இதில் அடங்கும். கடுகு, வெந்தயம், கொத்தமல்லி என்று முழுசாக எடுத்துப்போனால் விதை என்று நிறுத்தலாம். மசாலா எல்லாம் கம்பெனிப் பாக்கெட்டில் உள்ள பொடியாகவே இருக்கட்டும். கசகசாவைத் தொடவே வேண்டாம். அபினிச் செடியின் விதை என்பதால் அது போதைப்பொருள் விவகாரமாகிவிடும்.

எவரும் எதிர்பாராத பொருள் வரைபடம். பிள்ளைகளின் அட்லஸ், சமூக அறிவியல் பாடநூல், சுவரில் மாட்டும் இந்திய வரைபடம், உலக உருண்டை ஆகியவற்றில் அருணாசலப் பிரதேசமும் அக்சாய் சின்னும் நம் எல்லைக்குள் இருக்கும்; சீனச் சுங்கம் அதை ஏற்பதில்லை. 2019-இல் சிங்தாவ் நகரச் சுங்கத்துறை, தைவானையும் இந்திய எல்லையையும் தவறாகக் காட்டுவதாகச் சொல்லி ஏறத்தாழ 29,000 வரைபடங்களை அழித்தது. ஒரு அட்லஸுக்காக உங்கள் மொத்தச் சரக்கும் பிரித்துப் பார்க்கப்படுவது வீண் வம்பு.

மருந்துகளை அசல் அட்டையோடும் ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். அசல் சான்றிதழ்களும் கைப்பையில்தான். சர்வதேச ஓட்டுநர் உரிமம் சீனாவில் செல்லாது; அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

8. சரக்கை எப்படி அனுப்புவது

மூன்று வழிகள் உள்ளன: விமானத்தில் கூடுதல் பெட்டி, விமானச் சரக்கு, கப்பல் சரக்கு. தனியாகப் போகிறவருக்குக் கூடுதல் பெட்டிக்குப் பணம் கட்டுவதே பெரும்பாலும் மலிவு; கூடவே வருவதால் தனிச் சுங்க நடைமுறையும் இல்லை.

விமானச் சரக்கில் எடையை மட்டும் பார்த்துக் கணக்கிடாதீர்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். 60×45×45 அட்டைப்பெட்டிக்கு 20.25 கிலோ வரும். அதில் துணி வைத்து 14 கிலோதான் நிறுத்தாலும் இருபதேகால் கிலோவுக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். கூரியர் நிறுவனங்கள் 5,000-ஆல் வகுப்பதால் அங்கே இன்னும் கூடும்.

கப்பலில் அளவு கன மீட்டர் கணக்கு. மேலே சொன்ன பெட்டி எட்டு அடுக்கினால் ஏறத்தாழ ஒரு கன மீட்டர். பலரோடு பகிர்ந்துகொள்ளும் கன்டெய்னரில் பெரும்பாலும் குறைந்தபட்சக் கட்டணமே அதற்குத்தான். புத்தகமும் பாத்திரமும் கப்பலில் போவதே லாபம், ஏனெனில் அங்கே எடை அவ்வளவாகப் பேசாது.

விலைப்புள்ளி கேட்கும்போது வீட்டிலிருந்து வீடுவரையா, துறைமுகம்வரையா என்று எழுத்தில் வாங்குங்கள். துறைமுகம்வரை என்ற விலை கண்ணுக்கு மலிவாகத் தெரியும். சீனத் துறைமுகத்தில் இறக்குகூலி, சுங்க முகவர் கட்டணம், லாரி வாடகை, தாமதமானால் நாள்வாடகை என்று அது வளரும். கடைசிச் செலவுதான் ஆளை முழுங்குவது. குடியிருப்பு அனுமதி வருமுன் சரக்கு போய்ச் சேர்ந்தால் ஒவ்வொரு நாளும் பணம். எனவே பெட்டிகளைக் கட்டி இங்கே உறவினர் வீட்டிலோ முகவர் கிடங்கிலோ வைத்துவிட்டு, அனுமதி கைக்கு வந்த செய்தியைச் சொன்ன பிறகே கப்பலேற்றச் சொல்லுங்கள்.

பொருள்பட்டியலை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். ‘பாத்திரங்கள்’ என்று ஒரே சொல்லில் முடிக்காமல், ‘பழைய ஸ்டீல் பாத்திரம் 12, பழைய மிக்ஸி 1’ என்று பெட்டி வாரியாக எழுதி மதிப்பும் போட வேண்டும். பட்டியலில் இல்லாத ஒரு பொருள் பெட்டியில் கிடைத்தால் மற்ற எல்லாவற்றின் மீதும் சந்தேகம் விழும். மரப்பெட்டி என்றால் பூச்சி நீக்கச் சிகிச்சைக்கான சர்வதேச முத்திரை மரத்தில் இருக்க வேண்டும். சரக்கு முகவரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

9. இறங்கிய முதல் 30 நாள்கள்

ஓட்டலில் தங்கினால் காவல்துறைப் பதிவை அவர்களே செய்துவிடுவார்கள். வாடகை வீட்டிலோ நண்பர் வீட்டிலோ தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்களே பதிய வேண்டும். வீட்டு உரிமையாளரின் சொத்து ஆவண நகலும் வாடகை ஒப்பந்தமும் தேவைப்படும். அவற்றைத் தர மறுக்கும் உரிமையாளரின் வீட்டை எடுக்கவே எடுக்காதீர்கள். வீடு மாறும்போதும் மறுபடி பதிய வேண்டும்.

அடுத்து மருத்துவப் பரிசோதனை. வெறும் வயிற்றோடு காலையில் போங்கள். இங்கேயே முடித்துக்கொண்டு போன அறிக்கையைச் சில இடங்களில் ஏற்காததால், அங்கே செய்துகொள்வதே நிச்சயம். வேலை அனுமதிக்கான விண்ணப்பத்தை நிறுவனம் நீங்கள் நுழைந்த 15 நாள்களுக்குள் கொடுக்க வேண்டும். அது முடிந்த பிறகு குடியிருப்பு அனுமதி.

குடியிருப்பு அனுமதிக்குக் கொடுத்த பாஸ்போர்ட்டை 15 வேலைநாள் வரை வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள். அந்த நாள்களில் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. சரக்கையும் விடுவிக்க முடியாது. வீட்டில் விசேஷம் இருந்தால் அதற்கேற்ப முன்பே தேதியை அமைத்துக்கொள்ளுங்கள்.

10. சரக்கு வந்து சேரும்போது

சுங்கம் அசல் பாஸ்போர்ட்டைக் கேட்கும் என்பதால், கப்பல் சேரும் வாரங்களில் வெளிநாட்டுப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். லாரி வரும் நாளைக் குடியிருப்பு வளாக நிர்வாகத்துக்கு முன்பே சொல்லி லிஃப்டுக்கு ஒப்புதல் வாங்குங்கள். சொல்லாமல் வரும் லாரியைக் காவலர் வாசலிலேயே நிறுத்திவிடக்கூடும்.

பெட்டிகளைப் பட்டியலோடு எண்ணிப் பார்த்து, நசுங்கியவற்றை அங்கேயே திறந்து படமெடுத்து, குறையை ஒப்புகைச் சீட்டில் எழுதிய பின்பே கையொப்பமிடுங்கள். குறையின்றி வந்ததாகக் கையெழுத்திட்டுவிட்டால் காப்பீட்டில் இழப்பீடு கேட்பது மிகவும் சிரமம். சுங்கம் தந்த இறக்குமதித் தாளை வாடகை ஒப்பந்தத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள். சில ஆண்டுகள் கழித்துச் சாமானோடு ஊர் திரும்பும்போது சரக்கு முகவர் முதலில் கேட்பது அதைத்தான்.